கொசுவின் மரபுத் தொகுதியும் இளம் விஞ்ஞானியரின் பயிற்சியும்

1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்த கொசுவொன்றின் இரைப்பைச் சுவரில் நோய்க்கிருமியின் வளர்ச்சி நிலை ஒன்றைக் கண்டார். மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்னும் உண்மை நிலைபெறுவதற்கு அக்காட்சியே வழிகோலிற்று. ஆயினும், தாம் அறுத்துப் பார்த்த கொசுவின் பெயரை ராஸ் அறிந்திலர். இறகில் புள்ளிகளையுடைய கொசு என்று அதன் தோற்றத்தைக் குறிப்பதற்கு மேல் அன்று அவரால் இயலவில்லை. அது அனாபிலிஸ் பேரினத்தைச் சார்ந்தது என்பது பின்னரே தெளிவாயிற்று.

அதன்பின் நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. கொசுவின் உடலிலுள்ள மரபுச் செய்தி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆற்றலை விஞ்ஞானம் இன்று பெற்றுள்ளது. இக்கலையில் இளம் விஞ்ஞானியரைப் பயிற்றுவிக்கும் பணி பல நாடுகளில் நடைபெற்று வருகின்றது. எனினும், ராஸை எதிர்நோக்கி நின்ற அதே கேள்வியே இன்றும் முதற்கேள்வியாக நிற்கின்றது: நாம் பிடித்த கொசு எது? எங்கே, எப்பொழுது, எந்நிலையில் பிடிபட்டது? இக்கேள்விக்கு விடை கூறும் திறமையே மரபுத் தொகுதி ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருவம் ஒன்று, இனம் ஐந்து

நம் நாட்டுக் கிராமப்புறங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசுக்களுள் தலையாயது அனாபிலிஸ் கியூலிசிபேசீஸ் என்பதாகும். பகற்பொழுதில் மாட்டுத் தொழுவங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் தங்கியிருக்கும் இக்கொசு, நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டு வந்தது. 1980ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை வெளிவந்த ஆராய்ச்சிகள், இப்பெயரின்கீழ் ஐந்து தனித்தனி இனங்கள் மறைந்திருப்பதைப் புலப்படுத்தின. அவை ஏ, பி, சி, டி, ஈ என வழங்கப்படுகின்றன. இவ்வாராய்ச்சியில், டில்லி மலேரியா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சரளா சுப்பாராவுக்கும் அவருடன் உழைத்தோருக்கும் பெரும்பங்கு உண்டு.

வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லாத இவற்றை எவ்வாறு பிரித்தறிந்தனர்? இரத்தம் பாதி செரித்த நிலையிலுள்ள பெண் கொசுவின் சூற்பையில், முட்டைக்கு ஊட்டமளிக்கும் உயிரணுக்கள் சில உள்ளன. அவற்றிலுள்ள குரோமோசோம்கள் மிகவும் பருத்து, குறுக்குப் பட்டைகளுடன் விளங்கும். அப்பட்டைகளின் வரிசையை நுண்பெருக்கியால் நோக்கினால், சில கொசுக்களில் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் காணலாம். ஓடும் ரயில்வண்டியின் நடுப்பெட்டிகள் சிலவற்றைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மீண்டும் பூட்டினாற் போன்றது இது.

திரும்பிய வரிசையுடைய கொசுவும் திரும்பாத வரிசையுடைய கொசுவும் ஒரே தொழுவத்தில் கிடைக்கின்றன எனக் கொள்வோம். இரண்டும் ஓரினமாயின், தாய்வழி ஒரு வரிசையும் தந்தைவழி மற்றொரு வரிசையும் பெற்ற கலப்புக் கொசுக்களும் அங்கே காணப்படுதல் வேண்டும். போதிய அளவு கொசுக்களை ஆராய்ந்தும் அத்தகைய கலப்பு காணப்படவில்லையெனின், அவை அருகருகே வாழ்ந்தும் தம்முள் இணைவதில்லை என்பது தெளிவு. அதாவது, அவை வேறுவேறு இனங்கள்.

இவ்வேறுபாடு நூலோர்க்கு மட்டும் உரிய நுணுக்கம் அன்று. பி இனம் பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தையே நாடுவது. மலேரியாவைப் பரப்புவதில் வலிமை குன்றியது. ஏனைய நான்கும் நோய் பரப்பும் இனங்கள். ஆகவே, ஒரு தொழுவத்தில் நூறு கொசுக்கள் கிடைத்தன என்னும் எண்ணிக்கை ஒன்றே அவ்வூரின் அபாயத்தைக் காட்டிவிடாது.

இராமேசுவரம் தீவின் அனுபவம் இதற்குச் சிறந்த சான்றாகும். அங்குக் கிடைத்த கியூலிசிபேசீஸ் கொசுக்கள் பட்டை வரிசையால் பி இனத்தை ஒத்திருந்தன. பி இனம் நோயைப் பரப்புவதில் வலிமையற்றது என்றால், தீவில் மலேரியா நிலவுவது எவ்வாறு? விடை, ஆண் கொசுவுக்கே உரிய ஒய் குரோமோசோமின் வடிவத்தில் கிடைத்தது. பெண் கொசுவிடம் ஒய் குரோமோசோம் இல்லை. கடிப்பதோ பெண் கொசுதான். ஆதலின், பிடித்த ஒவ்வொரு பெண் கொசுவையும் தனியே முட்டையிடச் செய்து, அம்முட்டைகளிலிருந்து வளர்ந்த ஆண்களின் குரோமோசோம்களை ஆராய வேண்டியிருந்தது. அவ்வாறு ஆராய்ந்து, பி இனத்தோடு கலந்திருந்த நோய் பரப்பும் ஈ இனத்தை ஆராய்ச்சியாளர் வேறுபடுத்திக் காட்டினர். 1999ஆம் ஆண்டு இம்முடிவு வெளியாயிற்று. பின்னர் இலங்கையிலும் ஈ இனம் இருப்பது அறியப்பட்டது. தாய்க் கொசுவையும் அதன் மக்களையும் தனித்தனிக் குப்பிகளில் வைத்துப் பெயர் மாறாமல் பேணிய கைகளே இக்கண்டுபிடிப்பைச் சாத்தியமாக்கின என்பது பயிற்சி பெறுவோர் மனத்திற்கொள்ளத் தக்கது.

மரபுத் தொகுதி என்பது யாது?

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்னும் பொருள், நால்வகை இரசாயன எழுத்துக்களால் ஆகிய நீண்ட இழையாகும். ஓர் உயிரின் டி.என்.ஏ. எழுத்துக்கள் அனைத்தையும் சேர்த்து ஜீனோம் அல்லது மரபுத் தொகுதி என்கிறோம். கொசுவில் இத்தொகுதி மூன்று இணைக் குரோமோசோம்களில் அடங்கியுள்ளது.

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் காம்பியே கொசுவின் மரபுத் தொகுதி 2002ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 27.8 கோடி எழுத்துக்கள் கணக்கிடப்பட்டன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி கொசுவின் தொகுதி 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. அது முன்னதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவின் தொகுதி 2010ஆம் ஆண்டும், நம் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியின் தொகுதி 2014ஆம் ஆண்டும் வெளிவந்தன. 2015ஆம் ஆண்டு கியூலிசிபேசீஸ் உட்பட 16 அனாபிலிஸ் இனங்களின் தொகுதிகள் ஒருங்கே வெளியாயின. ஸ்டீபன்சியின் தொகுதி 2021ஆம் ஆண்டு குரோமோசோம் அளவில் செம்மை பெற்றது.

இவ்வளவு நீண்ட இழையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மூச்சில் படிக்கும் கருவி இல்லை. ஆகவே, இழையைப் பல துண்டுகளாக்கிப் படித்து, ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை ஒப்பிட்டு, கணிப்பொறியின் உதவியால் முழு வரிசையை மீண்டும் கோப்பர். ஈடிஸ் கொசுவின் தொகுதியில் ஏறத்தாழப் பாதி, இடம்பெயர்ந்து பெருகும் பகுதிகளின் படிகளாகும். ஒரே பகுதி பல இடங்களில் திரும்பத் திரும்ப வருமாயின், எத்துண்டு எவ்விடத்திற்குரியது என்பதில் ஐயம் உண்டாகும். இக்காரணத்தால், முதலில் வெளியான தொகுதிகள் பலவும் பிற்காலத்தில் திருத்தப்பட வேண்டியிருந்தன. அச்சிட்ட தொகுதியை ஐயமற்ற வேதமாகக் கொள்ளாது, திருத்தத்திற்கு உரிய வரைபடமாகக் கொள்ளும் மனப்பான்மை இளம் விஞ்ஞானியர்க்கு வேண்டும்.

ஓரெழுத்தின் விளைவு

மரபுத் தொகுதியைப் படிப்பதால் விளையும் பயனை, நம் நாட்டு மலேரியாப் பணியின் வரலாறே உணர்த்தும். விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடி மக்கள் மலேரியாவால் வருந்தினர் என்பது மதிப்பீடு. 1953ஆம் ஆண்டு தேசீய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958ஆம் ஆண்டு ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965ஆம் ஆண்டளவில் நோயுற்றோர் தொகை ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்தது. பின்னர் அத்தொகை மீண்டும் ஏறி, 1976ஆம் ஆண்டில் 64 லட்சத்தைத் தாண்டிற்று.

இப்பின்னடைவுக்கு நிர்வாகக் காரணங்களும் மருந்துத் தட்டுப்பாடும் இருந்தன. அவற்றோடு கொசுக்கள் டி.டி.டி.க்குப் பெற்ற எதிர்ப்பாற்றலும் சேர்ந்தது. கியூலிசிபேசீஸ் கொசுவில் இவ்வெதிர்ப்பு 1959ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது.

எதிர்ப்பாற்றல் உண்டாகும் வழிகளுள் ஒன்றை இன்று எழுத்தளவில் நாம் அறிவோம். நரம்பில் செய்தி செல்வதற்குச் சோடியம் அயனிகளை உட்புக விடும் புரத வாயில் ஒன்று உண்டு. டி.டி.டி. அவ்வாயிலில் பற்றிக்கொண்டு, அதனை மூடவொட்டாமற் செய்கின்றது. நரம்பு ஓயாது துடித்துக் கொசு மடிகின்றது. அப்புரதத்தின் 1014ஆம் இடத்தில் லூசின் என்னும் அமினோ அமிலம் இருப்பது இயல்பு. மரபுச் செய்தியில் ஓர் எழுத்து மாறுவதால், அவ்விடத்தில் பினைல் அலனின் அமைந்துவிடின், மருந்தின் பிடிப்புத் தளர்கின்றது. நம் நாட்டுக் கியூலிசிபேசீஸ் கொசுக்களிலும் இம்மாறுதல் காணப்பட்டுள்ளது.

கொசுவலைகளில் தோய்க்கப்படும் பைரித்திராய்டு மருந்துகளும் இதே வாயிலைப் பற்றியே செயற்படுவன. எனவே, டி.டி.டி.யால் தேர்ந்தெடுக்கப்பட்ட இம்மாறுதல், அடுத்த தலைமுறை மருந்தின் பயனையும் குறைக்கக்கூடும். மருந்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுதலும் எதிர்ப்பாற்றலுக்கு மற்றொரு வழியாதலால், ஓரெழுத்தை மட்டும் நோக்கி முடிவு கூறுதலும் தவறாகும். உயிருள்ள கொசுக்களை மருந்து பூசிய தாளின்மேல் ஒரு மணி நேரம் வைத்து, 24 மணி நேரங் கழித்து மடிந்தவற்றை எண்ணும் பழைய சோதனையும், மரபெழுத்துச் சோதனையும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டியவை.

பயிற்சி எங்குத் தொடங்க வேண்டும்?

மரபுத் தொகுதிப் பயிற்சி என்றவுடன் கணிப்பொறியும் விலையுயர்ந்த கருவிகளுமே பலர்க்கு நினைவிற்கு வருகின்றன. ஆனால், அதன் முதற்பாடம் விடியற்காலையில் தொழுவத்தில் கற்கப்பட வேண்டியது. கைவிளக்கும் உறிஞ்சு குழாயும் கொண்டு கொசுவைச் சிதையாமற் பிடித்தல், அது தங்கியிருந்த இடத்தையும் நேரத்தையும் குறித்தல், இறகின் புள்ளிகளையும் கால்களின் வளையங்களையும் நோக்கி இனங்காணுதல் ஆகியவை மாணவரின் கைவரப் பெறுதல் வேண்டும்.

அடுத்தது பேணுதல். ஒரு குழாயில் ஒரு கொசுவையே இடுதல் நன்று. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்காச் சிறுமணிகளின்மேல் உலர்த்தியோ, எதில் ஆல்கஹாலில் இட்டோ வைக்கலாம். குரோமோசோம் ஆராய்ச்சிக்குரிய சூற்பையை, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் இடுதல் வழக்கம். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். மையெழுத்து ஆல்கஹாலில் கரைந்து மறையும். இச்சிறு செய்தியை அறியாமையால் ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் வீணாதல் கூடும்.

மூன்றாவது, ஆய்வுக்கூடப் பழக்கம். ஒரு கொசுவின் காலொன்றே இனமறியும் சோதனைக்குப் போதுமானது; எஞ்சிய உடலை வேறு சோதனைகட்குப் பேணலாம். பி.சி.ஆர். என்னும் முறையில் டி.என்.ஏ.யின் ஒரு குறித்த பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கின்றது. தடையின்றி 30 சுற்றுக்கள் நடைபெறின், ஒரு படி 100 கோடிக்கு மேற்பட்ட படிகளாகும். இப்பெருக்கமே முறையின் வலிமை; இதுவே அதன் அபாயமும் ஆகும். விரல்நுனியிலிருந்து தவறிச் சேர்ந்த வேற்றுத் துளியும் அவ்வாறே பெருகிவிடும். ஆதலின், ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ.க்குப் பதிலாகத் தூய நீரிட்ட குழாய் ஒன்றையும் உடன் வைத்தல் வேண்டும். நீர்க்குழாயில் விடை தோன்றுமாயின், அன்றைய முடிவுகளை நம்பலாகாது. அவற்றை மறைக்காது தள்ளிவிடும் நேர்மையும் பயிற்சியின் ஒரு கூறாகும்.

கணிப்பொறியின் முன்

நான்காவது நிலை கணக்கீடு. ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளில் இயற்கையாக வாழ்ந்த 765 கொசுக்களின் மரபுத் தொகுதிகளை ஒப்பிட்ட முடிவுகள் 2017ஆம் ஆண்டு வெளியாயின. ஒன்றுக்கொன்று வேறுபடும் இடங்கள் 5 கோடிக்கு மேல் காணப்பட்டன. அச்செல்வம் யாவரும் பயன்கொள்ளும் வண்ணம் பொதுவில் வைக்கப்பட்டுள்ளது. அதனைக் கொண்டே ஆப்பிரிக்க நாடுகளின் இளம் பூச்சியியலார் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பயிற்சி பெறுகின்றனர். தொலைவிலுள்ள கணிப்பொறிகளில் கணக்கீடு நடைபெறுவதால், சாதாரணக் கணிப்பொறி ஒன்றும் இணையத் தொடர்பும் இருப்பின் பாடத்தைக் கற்கலாம்.

ஆயினும், கணக்கீட்டில் நேரும் பிழைகள் பல, கணிப்பொறியில் பிறப்பவை அல்ல. ஒரே குட்டையிலிருந்து 50 புழுக்களை எடுத்தால், அவை ஒரு தாயின் மக்களாக இருத்தல் கூடும். அவற்றை ஊர்க் கொசுக்களின் மாதிரியாகக் கொண்டால், ஒரு குடும்பத்தின் இயல்பை ஊரின் இயல்பாகக் கூறிய தவறு நேரும். ஒரு கிராமத்துக் கொசுக்களை ஒரு நாளும், மற்றொரு கிராமத்துக் கொசுக்களைப் பிறிதொரு நாளும் கருவியிலிட்டால், கருவியின் நாள்வேறுபாடு கிராமங்களின் வேறுபாடாகத் தோன்றும். இவற்றைக் கணிப்பொறி தானே அறிந்து கூறாது. மாதிரி எவ்வாறு சேர்க்கப்பட்டது என்று வினவும் பழக்கமுடைய மாணவரே இவற்றைக் கண்டுகொள்வார். ஆகவே, களத்திற்கு ஒருவர், கணக்கிற்கு ஒருவர் என முற்றும் பிரித்துப் பயிற்றுதல் நன்றன்று.

இத்திறமை இன்று அவசரமாகத் தேவைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. தெற்கு ஆசியாவிலும் அதனை அடுத்த மேற்கு நிலப்பகுதிகளிலும் வாழ்ந்து வந்த ஸ்டீபன்சி கொசு, 2012ஆம் ஆண்டு ஜிபூட்டியிலும், 2016ஆம் ஆண்டு எதியோப்பியாவிலும் காணப்பட்டது. நீர்த்தொட்டிகளில் பெருகும் இயல்பினால், ஆப்பிரிக்க நகரங்கட்கு இது புதிய அபாயமாகியுள்ளது. புகுந்த கொசு எவ்வழியே சென்றது, எந்த எதிர்ப்பாற்றலை உடன்கொண்டு சென்றது என்று அறிவதற்கு, அதன் தாயகத்துக் கொசுக்களோடு ஒப்பிடுதல் வேண்டும். நம் நகரங்களின் மேல்நிலைத் தொட்டிகளில் முறையாகச் சேர்த்த கொசுக்கள் பிற நாட்டு மக்களின் நலத்திற்கும் உதவும்.

மக்களின் நம்பிக்கை

பயிற்சியில் விடுபடக் கூடாத மற்றொரு பாடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து, மலடாக்கிய ஆண் கொசுக்களைக் கொண்டு கொசுக்களைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சியை டில்லியில் நடத்தி வந்தன. அதன் நோக்கத்தைப் பற்றிப் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் ஐயங்கள் எழுந்தன. 1975ஆம் ஆண்டு அப்பணி முடிவுற்றது. எவர்பால் எவ்வளவு தவறு என்பது இங்கு ஆராயப்படவில்லை. மக்களிடையே சென்று செய்யும் ஆராய்ச்சியின் நோக்கமும் முறையும் மக்கட்கு அவர்தம் மொழியில் முன்னரே விளக்கப்படல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத் தக்க படிப்பினை. ஒரு வீட்டினுள் கொசு பிடிக்க நுழையும் மாணவர், எதற்காகப் பிடிக்கின்றோம், முடிவை எப்பொழுது கூறுவோம் என்று வீட்டாரிடம் சொல்லவும், சொன்னபடி திரும்பி வந்து கூறவும் கற்றல் வேண்டும்.

ஆசிரியர்களும் கள ஊழியர்களும்

பள்ளியாசிரியர்கள் இப்பாடத்தைக் கருவியேதுமின்றித் தொடங்கலாம். பாடநூலின் ஒரு பத்தியை ஆறு தாள்களில் எழுதச் செய்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு இடங்களில் கத்தரித்துக் கலந்து, பத்தியை அறியாத மாணவரிடம் கொடுக்கலாம். துண்டுகளின் முனைகளை ஒப்பிட்டு அவர்கள் பத்தியைக் கோப்பர். பின்னர், ஒரே வரி பலமுறை வருமாறு எழுதிய பத்தியைக் கொடுத்தால், ஈடிஸ் கொசுவின் தொகுதியில் நேர்ந்த இடர்ப்பாடு தானே விளங்கும். மேலும், நீரின் மேற்பரப்பிற்கு இணையாகக் கிடக்கும் புழு அனாபிலிஸ் என்றும், மூச்சுக்குழலை மேற்பரப்பில் பொருத்தித் தலைகீழாகத் தொங்குவது கியூலெக்ஸ் அல்லது ஈடிஸ் என்றும் கண்ணாடிக் குவளையில் காட்டலாம். குவளையை வலைத்துணியால் மூடி வைத்து, கூட்டுப்புழுக்கள் தோன்றுமுன் நீரை உலர்ந்த தரையில் கொட்டிவிட வேண்டும்.

கள ஊழியர்கள், தாம் பிடித்து அனுப்பும் கொசு ஓர் எண்ணிக்கை மட்டுமன்று என்பதை உணர்தல் நலம். ஊர், நாள், நேரம், தங்கிய இடம் ஆகியவை குறிக்கப்பட்ட கொசு, பல ஆண்டுகளுக்குப் பின்னரும், இன்று நாம் எண்ணிப் பாராத கேள்விகட்கும் விடை தரும். குறிப்பில்லாத கொசுவின் 27 கோடி எழுத்துக்களையும் படித்தாலும், அது எவ்வூரைக் காக்க உதவும் என்று கூறவியலாது. 2030ஆம் ஆண்டிற்குள் நாட்டினின்றும் மலேரியாவை நீக்குவதென்று நாம் குறிக்கோள் கொண்டுள்ளோம். நோய் குறையுந்தோறும், எஞ்சிய நோயைப் பரப்பும் கொசு எது என்னும் கேள்வி கூர்மையாகும். அதற்கு விடை காணப் போகும் இளம் விஞ்ஞானியர்க்கு, தொழுவத்தில் கொசு பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அனுபவமிக்க பூச்சி சேகரிப்பாளரும் ஓர் ஆசிரியரேயாவர்.